முறுக்கொளியை அணுவோடு சேர்த்துப் பார்ப்பது எப்படி: மலைக் கல்லூரி ஆய்வகத்துக்கு ஒரு செய்முறைக் குறிப்பு

முறுக்கொளியைப் பற்றி, அதாவது அலைமுகப்பு சுருண்டு ஏறுவதும் நடுவே இருண்டு வளையமாகத் தெரிவதுமான லேசர் கற்றையைப் பற்றி, முதுகலை மாணவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது: "ஒளி சுருண்டு சுருண்டு போகிறதென்றால், அதன் வழியில் நிற்கும் அணுவும் பம்பரம்போலச் சுழலுமா?" இதற்கு ஆம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. அணு என்று நாம் சொல்வது அதன் முழு உடலையா, உள்ளே இருக்கும் எலக்ட்ரானையா என்பதை முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டும். அடுத்து, அந்த அணு கற்றையின் நடு இருட்டில் நிற்கிறதா, சுற்றியுள்ள ஒளிவளையத்தில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்த இரண்டையும் தீர்மானிக்காமல் கருவிகளை மேசையில் அடுக்கினால், ஏதோ ஒரு விடை கிடைக்கும்; அது எந்தக் கேள்விக்கு விடை என்பதுதான் தெரியாது.

கொடைக்கானலில் சில பருவங்களாக மாணவர்களோடு செய்து பார்த்துத் தேறிய முறையை இங்கே எழுதுகிறேன். முதல் பாதிக்கு ஒரு சிவப்பு லேசரும் அச்சடித்த தாளும் சில லென்ஸ்களும் போதும். பின்பாதிக்கு ரூபிடியம் ஆவிக்குப்பியும் 780 நானோமீட்டர் லேசரும் வேண்டும். அவை இல்லாதவர்கள் முதல் பாதியைச் செய்துவிட்டு, பின்பாதியைக் கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். அதுவும் வீண் வேலை அல்ல.

புரியும் திசையும்

சாதாரண லேசர் கற்றையின் அலைமுகப்புகள் அடுக்கி வைத்த தட்டுகளைப் போன்றவை. முறுக்கொளியில் அவை சுருள் படிக்கட்டைப்போல அச்சைச் சுற்றி ஏறிக்கொண்டே போகும். ஒரு சுற்று முடியும்போது ஓர் அலைநீளம் ஏறியிருந்தால் அது ஒற்றைப் புரி கொண்ட கற்றை. இரண்டு அலைநீளம் ஏறியிருந்தால் இரண்டு சுருள் பரப்புகள் ஒன்றையொன்று பின்னிக்கொண்டு ஏறுகின்றன என்று பொருள். கயிறு திரிப்பவர்கள் இரு புரி, முப்புரி என்று சொல்வதும் இதைத்தான். ஆகவே இந்த எண்ணைப் புரி எண் என்றே அழைக்கிறேன். சுருளும் திசைக்கு நம்மிடம் வலம்புரி, இடம்புரி என்ற சொற்கள் தயாராகவே இருக்கின்றன. வலம்புரிக்கு நேர்க்குறியும் இடம்புரிக்கு எதிர்க்குறியும் இட்டுக்கொள்ளலாம். வத்தலக்குண்டிலிருந்து ஏறிவரும் மலைப்பாதையை உவமையாகச் சொல்லும் ஆசை இங்கே எல்லோருக்கும் வரும், அது பொருந்தாது. கொண்டை ஊசி வளைவு வலமும் இடமுமாக மாறி மாறித் திரும்புவது. முறுக்கொளியின் சுருள் ஒரே பக்கமாகத்தான் திரும்பும்.

அச்சின்மேல் அலையின் எல்லாக் கட்டங்களும், அதாவது ஏற்ற இறக்க நிலைகளும், ஒரே புள்ளியில் வந்து சேர்வதால் அவை ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. கற்றையின் நடுவே, கை முறுக்கின் துளைபோல, இருட்டு நிற்கிறது. இந்த வகைக் கற்றையின் ஒவ்வொரு ஃபோட்டானும், குறுக்கிய பிளாங்க் மாறிலியைப் புரி எண்ணால் பெருக்கிய அளவுக்குக் கோண உந்தம் சுமந்து செல்கிறது என்பதை 1992இல் லெஸ் ஆலனும், நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெயர்ஸ்பெர்கன், ஸ்ப்ரூ, வூர்ட்மன் ஆகியோரும் காட்டினார்கள்.

இந்தச் சுற்றுக் கோண உந்தத்தையும், வட்ட முனைவாக்கம் கொண்ட (மின்புலத்தின் திசை சுழன்றுகொண்டே முன்னேறும்) ஒளி சுமக்கும் தற்சுழற்சிக் கோண உந்தத்தையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. தற்சுழற்சியின் வரலாறு பழையது. பாயிண்டிங் 1909இல் அதைக் கோட்பாட்டில் சொன்னார். ராமனும் பகவந்தமும் 1931இல் கொல்கத்தாவில் ஒளிச்சிதறலிலிருந்து ஃபோட்டானின் தற்சுழற்சிக்குச் சான்று தேடினார்கள். பெத் 1936இல் மெல்லிய குவார்ட்ஸ் இழையில் தொங்கிய தகட்டை ஒளி திருப்புவதை அளந்தார். தற்சுழற்சிக்கு இரண்டே மதிப்புகள் உண்டு. புரி எண்ணுக்கு அப்படி எல்லை இல்லை. அணுவிடம் போகும்போது இவை இரண்டும் வெவ்வேறு வாசல்களில் நுழைகின்றன என்பதைப் பிறகு பார்ப்போம்.

ஒரு தாளில் முறுக்கை அச்சிடுதல்

முறுக்கொளியை உண்டாக்கச் சுருள் தகடு, திரவப் படிகத் திரை என்று விலையுயர்ந்த வழிகள் உள்ளன. சுருள் தகடு ஒரே ஓர் அலைநீளத்துக்கென்று செய்யப்படுவது. சிவப்புக்கு வாங்கியது அகச்சிவப்புக்கு உதவாது. கவட்டைக் கீற்றணிக்கு அந்தக் குறை இல்லை. இணைக் கோடுகளின் நடுவே ஒரு கோடு கவட்டைபோல இரண்டாகப் பிரியும் கீற்றணி அது. அலைநீளம் மாறினால் ஒளி விலகும் கோணம் மட்டும் மாறும், புரி எண் மாறாது. ஆகவே ஒரே தாளைச் சிவப்பு லேசரில் பழகிவிட்டு ரூபிடியத்துக்கும் கொண்டுபோகலாம்.

பைத்தான் போன்ற எந்த நிரல்மொழியிலும் பத்து வரியில் இந்தப் படம் வந்துவிடும். படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும், மையத்திலிருந்து அதன் கிடைத்தூரத்தை வரி இடைவெளியால் வகுத்து 2 பையால் பெருக்கிக்கொள்ளுங்கள். மையத்தைச் சுற்றி அப்புள்ளி நிற்கும் கோணத்தைப் புரி எண்ணால் பெருக்கி அதனோடு கூட்டுங்கள். கூட்டுத்தொகையின் கொசைன் நேர்க்குறியானால் வெள்ளை, எதிர்க்குறியானால் கறுப்பு. இங்கே ஒரு பொறி இருக்கிறது. கோணத்தைக் கண்டுபிடிக்கச் சாதாரண டேன் தலைகீழ்ச் சார்பைப் பயன்படுத்தினால், எதிரெதிர்க் கால்வட்டங்களை அது வேறுபடுத்தாது. எங்கள் மாணவர் ஒருவர் இப்படி அச்சிட்டு, வளையத்துக்குப் பதிலாக இரண்டாகப் பிளந்த புள்ளியைப் பெற்று, ஒரு வாரம் முழுவதும் லேசரைக் குறை சொல்லிக்கொண்டிருந்தார். கிடை, நெடு ஆகிய இரண்டு மதிப்புகளையும் தனித்தனியே வாங்கிக்கொள்ளும் சார்பையே பயன்படுத்த வேண்டும்.

அங்குலத்துக்கு 600 புள்ளி வைக்கும் லேசர் அச்சுப்பொறியில் ஒரு புள்ளியின் அகலம் ஏறத்தாழ 0.042 மி.மீ. வரி இடைவெளியை முழு எட்டுப் புள்ளிகளாக, அதாவது 0.34 மி.மீட்டராக வைத்துக்கொண்டால் கோடுகளின் விளிம்பு பிசிறில்லாமல் வரும். ஜெராக்ஸ் கடைகளில் கிடைக்கும் கண்ணாடித் தாளில் இதை அச்சிடலாம். 650 நானோமீட்டர் சிவப்பொளி இந்தக் கீற்றணியில் ஏறத்தாழ 1.9 மில்லிரேடியன் விலகும். 780இல் அது 2.3 ஆகும். கோணம் மிகச் சிறியதாக இருப்பதால், லேசர் கற்றையை முதலில் இரண்டு லென்ஸ்களால் 4 மி.மீ. அகலத்துக்கு விரித்துக்கொண்டு, கீற்றணியின் கவட்டை கற்றையின் சரியான நடுவில் படும்படி வைத்து, அதற்குப் பின்னால் ஒரு மீட்டர் குவியத்தொலைவு கொண்ட லென்ஸை நிறுத்த வேண்டும். அப்போது குவியத் தளத்தில், கீற்றணி பிரித்துவிடும் கற்றைகள், அதாவது வரிசைகள், சுமார் 2 மி.மீ. இடைவெளியில் தனித்தனியே நிற்கும். நடுவில் இருப்பது முறுக்கில்லாத கற்றை. அதன் ஒரு பக்கம் வலம்புரி, மறுபக்கம் இடம்புரி. தாளைத் தலைகீழாகத் திருப்பினால் பக்கம் மாறும். வேண்டிய வரிசையை மட்டும் உள்ளே விட, கறுப்பு அட்டையில் கோணி ஊசியால் இட்ட ஒரு மி.மீ. துளையே போதும். அதற்கப்பால் 25 செ.மீ. குவியத்தொலைவு லென்ஸ் ஒன்றை வைத்தால், ஒரு மி.மீ. அகலமுள்ள இணைக்கற்றை கையில் வந்துவிடும்.

ஒளியில் பத்தில் ஒரு பங்குதான் இந்த வரிசைக்கு வந்து சேரும். தாளே உறிஞ்சுவதும் சிதறடிப்பதும் வேறு. சிக்கனம் பார்ப்பவர்களுக்கு இது வருத்தமாக இருக்கலாம். அணுக்களோடு செய்யும் சோதனைக்கு இதற்கும் குறைவான ஒளிதான் தேவைப்படும் என்பதால் கவலை வேண்டாம்.

வளையம் மட்டும் சான்றாகாது

நடுவில் இருட்டுள்ள வளையத்தைக் கண்டதும் முறுக்கு வந்துவிட்டது என்று குறிப்பேட்டில் எழுதிவிடுவது இந்தச் சோதனையின் மிகப் பொதுவான தவறு. லென்ஸில் ஒட்டிய தூசியும் வளையம் காட்டும். குவியம் தவறிய கற்றையும் காட்டும். முறுக்கு என்பது கட்டத்தில் இருப்பது, செறிவில் இருப்பதன்று. ஆகவே கட்டத்தைத்தான் சோதிக்க வேண்டும்.

எளிய வழி, சாய்த்த குவிலென்ஸ். அகமதாபாத் இயற்பியல் ஆராய்ச்சிக் கூடத்தைச் சேர்ந்தவர்கள் 2013இல் வெளியிட்ட இம்முறைக்கு ஒரே ஒரு லென்ஸ் போதும். முறுக்கொளியின் பாதையில் குவிலென்ஸைச் சற்றுச் சாய்த்து வைத்து, குவியத்தின் அருகே வெள்ளைத் தாளை முன்னும் பின்னும் நகர்த்தினால், ஓரிடத்தில் வளையம் உடைந்து சாய்வான ஒளித்துண்டுகளாகத் தெரியும். துண்டுகளுக்கு இடையிலான கருங்கீற்றுகளின் எண்ணிக்கையே புரி எண். கீற்றுகள் எந்தப் பக்கம் சாய்கின்றன என்பதிலிருந்து வலம்புரியா இடம்புரியா என்று தெரிந்துகொள்ளலாம்.

இரண்டு எச்சரிக்கைகள். கண்ணாடித் தாள் தட்டையாக இருப்பதில்லை. அதன் அலைவுகளில், இருபுரிக் கற்றையின் ஒரே துளை பிரிந்து இரண்டு சிறு துளைகளாக நிற்பதைக் காண்பீர்கள். தாளை இரண்டு மெல்லிய கண்ணாடிச் சில்லுகளுக்கு நடுவே இறுக்கிப் பிடித்தால் இது பெருமளவு குறையும். மற்றது, ஆடி. ஆடியில் பட்டுத் திரும்பும் ஒவ்வொரு முறையும் வலம்புரி இடம்புரியாக மாறும். பாதையில் எத்தனை ஆடிகள் என்று எண்ணி எழுதிவைக்காவிட்டால், பின்னால் அணுவிடமிருந்து கிடைக்கும் குறி சரியா தவறா என்று சொல்ல வழியே இல்லை.

குளிரில் ரூபிடியம்

ரூபிடியத்தைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம், அதன் வலுவான உறிஞ்சு வரி 780.24 நானோமீட்டரில், மலிவான டயோடு லேசர்கள் எட்டும் இடத்தில் இருப்பதுதான். குப்பியில் இருக்கும் சிறு உலோகத் துணுக்கிலிருந்து ஆவி எழ வேண்டும். இங்கேதான் மலையின் குளிர் குறுக்கே வருகிறது. 25 பாகை செல்சியஸில் இருக்கும் ஆவியழுத்தம், 10 பாகையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடுகிறது. மதுரையில் கையோடு வேலை செய்த குப்பி, ஜனவரி மாதக் காலையில் இங்கே வெற்றுக் கண்ணாடிபோலக் கிடப்பதைப் பார்த்து லேசர் பழுதாகிவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். குப்பியை 45 முதல் 50 பாகை வரை சூடேற்றினால், சமவெளி அறை வெப்பத்தில் கிடைப்பதைவிடப் பல மடங்கு ஆவி கிடைக்கும்.

சூடேற்றுவதில் ஓர் ஒழுங்கு உண்டு. கற்றை நுழையும் கண்ணாடி முகங்கள் இரண்டும், உலோகத் துணுக்கு கிடக்கும் காம்புப் பகுதியைவிட எப்போதும் சில பாகை கூடுதலாகச் சூடாக இருக்க வேண்டும். இல்லையேல் ரூபிடியம் முகத்தில் வெள்ளிப் பூச்சாகப் படிந்து கற்றையின் வடிவத்தைக் கெடுக்கும். சூடேற்றும் கம்பியை ஒற்றையாகச் சுற்றினால் அது மின்காந்தமாகிவிடும்; போகும் கம்பியையும் வரும் கம்பியையும் ஒன்றோடொன்று முறுக்கிச் சுற்றினால் அவற்றின் காந்தப்புலங்கள் ஒன்றையொன்று நீக்கிக்கொள்ளும். மாலையில் ஏரிப் பக்கமிருந்து மூடுபனி ஏறிவந்து சன்னல் இடுக்கு வழியே நுழையும் நாட்களில், ஆடிகளிலும் லென்ஸ்களிலும் நீர்த்திவலை படியும். அறையை ஒரு மணி நேரம் முன்பே சூடாக்கி, மேசையைப் பெட்டிபோல மூடிவைப்பதைத் தவிர இதற்கு வேறு மருந்து எனக்குத் தெரிந்து இல்லை.

780 நானோமீட்டர் ஒளி கண்ணுக்கு மங்கலான சிவப்பாகத்தான் தெரியும். மங்கலாகத் தெரிவதால் இமை தானாக மூடாது; உண்மையான திறன் கண்ணைச் சுடும் அளவுக்கு இருக்கக்கூடும். அந்த அலைநீளத்துக்கு உரிய காப்புக் கண்ணாடி அணியாமல் யாரையும் மேசையருகே விடக் கூடாது.

லேசரின் அதிர்வெண்ணை மெல்ல நகர்த்தினால் நான்கு உறிஞ்சு பள்ளங்கள் வரும்: இரண்டு ரூபிடியம் 85க்கு, இரண்டு ரூபிடியம் 87க்கு. ஒரு பள்ளத்தின்மேல் நிறுத்திவிட்டு, அகச்சிவப்பு வடிகட்டி நீக்கிய வெப் கேமராவைப் பக்கவாட்டில் வைத்துப் பாருங்கள். ஆவியின் நடுவே உள்ளீடற்ற குழல்போலக் கற்றை ஒளிர்வதைக் காணலாம். முதன்முறை இதைப் பார்ப்பவர்கள் சற்று நேரம் பேசுவதில்லை. கற்றையின் திறனைச் சில மைக்ரோவாட்டுகளுக்கு இறக்கிவிடுங்கள். ரூபிடியத்தின் தெவிட்டுச் செறிவு, அதாவது அணுக்கள் ஒளியை ஏற்பது நிறைவை நெருங்கும் அளவு, சதுர சென்டிமீட்டருக்கு 1.67 மில்லிவாட்தான், ஒரு மி.மீ. அகலக் கற்றையில் 10 மைக்ரோவாட்டே அந்த அளவை நெருங்கிவிடும்.

முழு அணு என்ன உணர்கிறது

இப்போது தொடக்கக் கேள்விக்கு வரலாம். ரூபிடியத்தின் 780 வரி இருமுனை மாற்றம்; அதாவது மின்புலமே நேராக எலக்ட்ரானை ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளுவது. அணுவின் குறுக்களவு ஒரு நானோமீட்டருக்கும் குறைவு. ஒளியின் அலைநீளமோ அதைப்போல ஆயிரம் மடங்களவு. அவ்வளவு சிறிய எலக்ட்ரான் மேகத்துக்குத் தன்னைச் சுற்றியுள்ள மின்புலம் சீராகவே தெரியும். புலம் அச்சைச் சுற்றித் திருகுவது அதன் கண்ணில் படாது. ஆகவே இருமுனை மாற்றத்தில் எலக்ட்ரான் ஏற்றுக்கொள்வது ஒளியின் தற்சுழற்சியை மட்டுமே. புரி எண் சுமந்துவந்த கோண உந்தம் அணுவின் முழு உடலுக்கு, கற்றையின் அச்சைச் சுற்றி நகரும் இயக்கமாகப் போய்ச் சேர்கிறது. அணு பம்பரம்போலத் தன்னைத்தானே சுற்றுவதில்லை. செக்கைச் சுற்றும் மாடுபோல அச்சைச் சுற்றித் தள்ளப்படுகிறது.

இதை அளக்க முடியுமா? கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் ஜான் எவர்ஷெட் 1909இல் செய்ததை நினைவுகொள்வது இங்கே உதவும். சூரியப் புள்ளிகளின் புறநிழலில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை அவர் நிறமாலை வரிகளின் டாப்ளர் நகர்விலிருந்து கண்டறிந்தார். அந்த நகர்வு, வாயு நம்மை நோக்கி வருவதையோ விலகிப் போவதையோ மட்டும் காட்டும். பார்வைக்கோட்டுக்குக் குறுக்கே நடப்பது அதற்குப் புலப்படாது. முறுக்கொளி கூடுதலாகத் தருவது இந்தக் குறுக்குப் பார்வையைத்தான். அச்சைச் சுற்றி நகரும் அணு, சுருள் படிக்கட்டில் ஏறுவது அல்லது இறங்குவதுபோல, அலைமுகப்பை முன்கூட்டியோ பிந்தியோ சந்திக்கிறது. அதன் விளைவாக அதிர்வெண் நகர்கிறது. நகர்வின் அளவு, புரி எண்ணைச் சுற்றுவேகத்தால் பெருக்கி, அணு நிற்கும் வட்டத்தின் சுற்றளவால் வகுத்தால் கிடைக்கும்.

எண்களை இட்டுப் பாருங்கள். அறை வெப்பத்தில் ரூபிடியம் அணுவுக்கு ஒரு திசையில் உள்ள வேகம் வினாடிக்குச் சுமார் 170 மீட்டர். வளையத்தின் ஆரம் அரை மி.மீ. என்றால் ஒற்றைப் புரிக்கு நகர்வு ஏறத்தாழ 54 கிலோஹெர்ட்ஸ். அதே வேகம் பார்வைக்கோட்டில் இருந்தால் நகர்வு சுமார் 218 மெகாஹெர்ட்ஸ்; அதாவது நான்காயிரம் மடங்கு. வரியின் இயல்பு அகலமே 6 மெகாஹெர்ட்ஸ். ஆகவே சாதாரண உறிஞ்சு பள்ளத்தில் முறுக்கின் தடயத்தைத் தேடுவது, வாரச் சந்தை இரைச்சலில் கொலுசொலி கேட்பதற்கு ஒப்பாகும். மாணவர்கள் பள்ளத்தின் வடிவத்தில் சிறு மாற்றத்தைக் கண்டு "முறுக்கின் விளைவு" என்று எழுதிக்கொண்டு வருவார்கள். நூற்றுக்கு நூறு அது வளைய வடிவத்தால் செறிவு மாறியதன் விளைவாகத்தான் இருக்கும். முறுக்கின் விளைவு என்றால் வலம்புரிக்கும் இடம்புரிக்கும் இடையே, அல்லது புரி எண்ணோடு, அது மாற வேண்டும். செறிவு ஒன்றாகவே இருக்கும்போது மாற வேண்டும். இந்தச் சோதனையில் தேறாத எதையும் குறிப்பேட்டில் ஏற்றக் கூடாது.

இரைச்சலை நீக்க ஒரு வழி உண்டு. ஒரே லேசரிலிருந்து பிரித்த இரண்டு கற்றைகளை, எதிரெதிர் வட்ட முனைவாக்கம் கொடுத்து, ஒரே திசையில் ஒன்றாக ஆவிக்குள் அனுப்பினால், பார்வைக்கோட்டு டாப்ளர் நகர்வு இரண்டுக்கும் சமமாக இருப்பதால் அவற்றின் வேறுபாட்டில் அது கழிந்துபோகும். இரண்டும் சேர்ந்து அணுவின் அடிநிலையில் (மிகத் தாழ்ந்த ஆற்றல்நிலையில்) உண்டாக்கும் ஒத்திசைவு வரி சில பத்துக் கிலோஹெர்ட்ஸ் அளவுக்கு ஒடுங்கியிருக்கும். ஒரு கற்றை வலம்புரியாகவும் மற்றது இடம்புரியாகவும் இருந்தால், சுற்றுநகர்வுகள் கழியாமல் இரட்டிக்கும். மேலே கண்ட அளவில் 108 கிலோஹெர்ட்ஸ். அணுக்கள் இரு பக்கமும் சுற்றுவதால் வரி இடம்பெயராமல் அகலும். 2006இல் பரெய்ரோ, டபோசா, ஃபைலாஷே, லெசாமா ஆகியோர் ரூபிடியம் ஆவியில் இந்த அகலத்தைத்தான் அளந்தார்கள். கல்லூரி மேசையில் இதற்கு மிகுந்த பொறுமை வேண்டும். காந்தக் கவசமும் வேண்டும். முதலில் இரண்டு கற்றைகளுக்கும் ஒரே புரி கொடுத்து ஒடுங்கிய வரியைப் பெற்ற பிறகே ஒன்றின் புரியை மாற்ற வேண்டும்.

அணுக்களைக் குளிர்வித்துவிட்டால் காட்சி தெளிவாகிவிடுகிறது. அதே 2006இல் அமெரிக்கத் தரநிலை ஆய்வகத்தில், சோடியத்தின் போஸ்-ஐன்ஸ்டைன் செறிபொருளுக்கு (மிகக் குளிர்ந்து ஒரே குவாண்டம் நிலைக்கு வந்த அணுத்திரளுக்கு) முறுக்கொளியிலிருந்து கோண உந்தத்தை மாற்றிக் கொடுத்தபோது, ஒவ்வோர் அணுவும் சரியாக ஓர் அலகு பெற்று அச்சைச் சுற்றி நகரத் தொடங்கியது.

இருட்டில் நிற்கும் எலக்ட்ரான்

எலக்ட்ரானுக்கு முறுக்கு போய்ச்சேரவே சேராதா என்றால், சேரும், வாசல் வேறு. நான்முனை மாற்றத்தை உண்டாக்குவது மின்புலத்தின் அளவு அன்று, அது இடத்துக்கு இடம் மாறும் சரிவு. முறுக்கொளியின் நடுவில் புலம் சுழி. ஆனால் ஒற்றைப் புரிக் கற்றையில் சரிவு அங்கே சுழியல்ல. பள்ளத்தாக்கின் அடியில் நிற்பவருக்கு இரு பக்கமும் ஏற்றம் இருப்பதுபோல என்று சொன்னால் பாதிதான் சரி. புலம் ஒரு பக்கம் நேர்க்குறியிலும் மறுபக்கம் எதிர்க்குறியிலும் இருப்பதால், அது சுழியைக் கடந்து இறங்கும் சரிவு.

2016இல் மைன்ஸ் பல்கலைக்கழகத்தில் இதைச் செய்து காட்டினார்கள். மின்புலப் பொறியில் பிடித்த ஒற்றைக் கால்சியம் அயனியை, மைக்ரோமீட்டர் அளவுக்குக் குவித்த 729 நானோமீட்டர் முறுக்கொளியின் இருட்டு நடுவில் நிறுத்தினார்கள். புரியும் தற்சுழற்சியும் ஒரே பக்கம் இருந்தபோது, எலக்ட்ரானின் காந்தக் குவாண்டம் எண் (அச்சின் திசையில் அதன் கோண உந்தத்தைச் சொல்லும் எண்) இரண்டு அலகு மாறியது. எதிரெதிராக இருந்தபோது மாறாமலே கிளர்வு நடந்தது. ஒளியே இல்லாத புள்ளியில் ஒளியால் கிளர்வு. கிளர்வு நடந்ததா என்று தெரிந்துகொள்வதும் எளிது: 397 நானோமீட்டர் ஒளியில் மினுங்கிக்கொண்டிருக்கும் அயனி, எலக்ட்ரான் மேலே போய் ஒளிந்துகொண்டதும் ஏறத்தாழ ஒரு வினாடி அணைந்து நிற்கும்.

இந்த அயனி நம் மலைக்குப் புதிதன்று. கொடைக்கானல் ஆய்வகத்தில் ஒரு நூற்றாண்டுக் காலம் சூரியனைப் படமெடுத்த 393.4 நானோமீட்டர் வரி, இதே கால்சியம் அயனியின் இருமுனை வரிதான். வகுப்பில் அந்த வரியையும் 729ஐயும் ஒரே ஆற்றல்நிலைப் படத்தில் வரையச் சொல்லுங்கள்; இருமுனைக்கும் நான்முனைக்கும் உள்ள வேறுபாடு ஒரு மணி நேர விரிவுரையைவிட அதில் நன்றாக விளங்கும்.

புரி எண்ணைக் கூட்டும் ஆவி

776 நானோமீட்டர் லேசர் ஒன்று கூடுதலாகக் கிடைத்தால், கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு சோதனை மிச்சம் இருக்கிறது. 780, 776 ஆகிய இரண்டு கற்றைகளையும் ஒன்றாக, சுமார் 100 பாகைக்குச் சூடேற்றிய ரூபிடியம் ஆவிக்குள் குவித்தால், அணுக்கள் இரண்டு படி ஏறி, இறங்கும் வழியில் கண்ணுக்குத் தெரியாத 5.2 மைக்ரோமீட்டர் ஒளியையும் 420 நானோமீட்டர் நீல ஒளியையும் கற்றைகளாக வெளியிடுகின்றன. 2012இல் கிளாஸ்கோவில் வாக்கர், ஆர்னல்டு, ஃபிராங்கே-ஆர்னல்டு ஆகியோர் இரண்டு உள்வரும் கற்றைகளுக்கும் புரி கொடுத்துப் பார்த்தபோது, அந்தப் புரிகள் கூட்டப்பட்டு நீல ஒளியில் வெளிவந்தன. ஏற்ற கோண உந்தத்தை அணுக்கள் தங்களிடம் வைத்துக்கொள்ளாமல் அடுத்த நிறத்துக்குக் கைமாற்றிவிடுகின்றன. இதற்குக் கண்ணாடித் தாள் தரும் திறன் போதாது; சில மில்லிவாட்டுகளாவது வேண்டும் என்பதால் சுருள் தகட்டைக் கடன் வாங்க வேண்டியிருக்கும்.

நீலக் கற்றை வந்ததும், முன்பு சொன்ன சாய்த்த லென்ஸை அதன் பாதையில் வையுங்கள். இரண்டு கற்றைகளுக்கும் ஒற்றை வலம்புரி கொடுத்திருந்தால் தாளில் இரண்டு கருங்கீற்றுகள் தெரிய வேண்டும். 776இன் முறுக்கை எடுத்துவிட்டால் ஒன்று குறைய வேண்டும். அதற்கு இடம்புரி கொடுத்தால் கீற்றே இல்லாமல் முழுப் புள்ளி வர வேண்டும். மூன்றையும் பார்த்துப் படமெடுத்த பிறகு லேசர்களை நிறுத்துங்கள். சூடேற்றியை நிறுத்தும்போது காம்புப் பகுதியை முதலிலும் கண்ணாடி முகங்களைக் கடைசியிலும் ஆறவிடுங்கள். மறுநாள் காலை குப்பி தெளிவாக இருக்கும்.